கோல்கம்பத்துக்குப் பின்னால்

பாலத்தில் மோட்டாருக்கு டோல் கிடையாது.
தெற்கிலிருந்து தீவுக்குள் வருகிறவனுக்கு
அது ஒன்றுதான் சலுகை.
நிபோங் திபாலில் ஏறினால் ஐம்பது நிமிடம்,
காற்று எதிர்த்தால் ஒரு மணி.
மழைச்சட்டைக்குள் நீலமும் மஞ்சளுமாய் ஜெர்சி.
முதுகில் எண் உரிந்து
பதினொன்று இப்போது ஒன்று.

எனக்கு இரண்டு ஆட்டம்.
சனிக்கிழமை மாலை கெளுகோரில், பல்கலைக்கழகத் திடலில் ஒன்று.
ராத்திரி ஸ்டேடியத்தில் இன்னொன்று.
இரண்டும் காற்பந்துதானே என்பான் கங்காதரன்,
ஃபேக்டரியில் எனக்கு அடுத்த மிஷின்.
கோயில் சோறும் கடைச் சோறும்
சோறுதான்டா, போ.

திடலில் டிக்கெட் இல்லை.
கோடு போட்ட சுண்ணாம்பு
பையன்களின் முழங்காலில் ஒட்டிக்கொண்டு வீட்டுக்குப் போகும்.
யாரோ ஒருத்தி முரசுக்குப் பதிலாகத்
தண்ணீர்ப் பீப்பாயைத் தட்டுவாள்.
தோற்றால் அழுவார்கள், நிஜமாகவே.
திங்கள் காலை பரீட்சை,
அதற்கு அழ மாட்டார்கள்.
நான் அங்கே படித்தவன் இல்லை.
மனு போட்டேன், கடிதம் வரவில்லை.
அதை ஏன் இப்போது சொல்கிறேன், தெரியவில்லை.

ஸ்டேடியத்தில் அழுகை கிடையாது, திட்டுதான்.
பதினைந்து வெள்ளி கொடுத்தவனுக்குத்
திட்ட உரிமை உண்டு.
சீசன் நீளம்; ஒரு தோல்விக்கு உயிர் போகாது.
ஒரு பொட்டலம் கச்சாங் பூத்தே தீர்வதற்குள்
மூன்று முறை நம்பிக்கை போய்
மூன்று முறை திரும்பி வரும்.
நைட் ஷிப்ட் மாதிரிதான். விழித்திரு, விடியும்.

யுகேந்திரனைப் பார்த்தது திடலில்.
எங்கள் பக்கத்துப் பையன், ஜாவி.
கோல்கீப்பர்.
கையுறையின் பெருவிரலில் கறுப்பு டேப் சுற்றியிருப்பான்.
நாலு வருஷம் அவனுக்குப் பின்னால் நின்றேன்,
அதாவது கோல்கம்பத்துக்குப் பின்னால்.
பந்து வெளியே வந்தால் எடுத்துப் போடுவேன்.
'தேங்க்ஸ் அங்கிள்' என்பான்.
எனக்கு அப்போது முப்பத்தாறுதான்.

அவன் பட்டம் வாங்கினான்.
அவனை வடக்கே ஓர் அணி வாங்கியது.
நம் அணி கூப்பிடவில்லை,
உயரம் போதாதாம்.

இன்று வந்திருக்கிறான்,
ஆரஞ்சுச் சட்டையில், எதிரியாக.
மூன்று மாதமாய்ச் சம்பளமே இல்லையாம் அங்கே.
கங்காதரன் சொன்னான்.
அவனுக்கு எல்லாம் தெரியும்.

மழை. ஒரு விளக்குக் கம்பம்
எரியலாமா வேண்டாமா என்று யோசித்துக்கொண்டிருந்தது.
கோல் இல்லை, கோல் இல்லை, கோல் இல்லை.
எண்பத்தெட்டாவது நிமிடம்
நமக்குப் பெனால்டி.

ஸ்டேடியமே எழுந்தது, நானும் எழுந்தேன்.
இத்தனை தூரத்தில் பெருவிரல் தெரியாது.
இருந்தாலும் டேப் இருக்கும்.
வலது பக்கம்தான் பாய்வான்,
பாயும் முன் இடது குதிகால் லேசாய்த் தூக்கும்.
பின்னால் நின்றவனுக்குத் தெரியும்,
எதிரே நிற்கிறவனுக்குத் தெரியாது.
இடதில் அடி என்று கத்தியிருக்கலாம்.
கேட்டிருக்காது.
கேட்காது என்பதற்காகத்தான் கத்தவில்லை
என்று சொல்லிக்கொள்கிறேன்.

வலது பக்கம் போனது பந்து.
பிடித்தான்.

கை தட்டிவிட்டேன்.
ஒரு தட்டு இல்லை, நாலைந்து.
வரிசை முழுக்கத் திரும்பியது.
என்னைவிடப் பழைய ஜெர்சி போட்ட ஒருவர்
என் முகத்தைப் பார்த்தார்,
என் சட்டையைப் பார்த்தார்,
மறுபடி முகத்தைப் பார்த்தார்.
கங்காதரன் பேசவில்லை.
நடுவில் இருந்த கச்சாங் பூத்தேயை மட்டும்
தன் பக்கம் நகர்த்தி வைத்துக்கொண்டான்.

இருக்கிற கணக்குக்கு ஒரு புள்ளி.
மற்ற இரண்டையும் நான்தான் கை தட்டி
வடக்கே அனுப்பிவிட்டேனாம்;
வாகன நிறுத்தத்தில் இதைச் சொல்லிவிட்டு
அவன் ஹெல்மெட்டை மாட்டிக்கொண்டான்.
திங்கள், செவ்வாய் பேச மாட்டான்.
புதன்கிழமை பேசுவான்.
அடுத்த ஆட்டத்துக்கு டிக்கெட் வாங்க
என் கார்டு வேண்டும்.